பூசானுக்கு ஒரு டிக்கெட்

என் தம்பி பெண்டாட்டி என் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்தால் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருவாள். அன்றைக்கு நேராகப் போய்ப் பயணிகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். சரி, இன்றைக்கு நான் அண்ணி இல்லை, டிக்கெட் போடுகிறவள் என்று புரிந்தது.

“பூசானுக்கு ஒரு டிக்கெட் போடணும் அண்ணி.”

இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவள் நான். யார் எதுக்குப் போகிறார்கள் என்று கேட்காமல் இருப்பதுதான் இதில் பாதி வேலை. ஓடிப்போகிறவர்களும் வருவார்கள், ஓடிப்போனவர்களைத் தேடிப் போகிறவர்களும் வருவார்கள். ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா என்று கேட்டுவிட்டால் என் அக்கறை முடிந்தது. அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொந்தக்காரி வாய் சும்மா இருக்குமா?

“பூசானா? கொரியாவிலயா? அங்க உனக்கு என்ன இருக்கு?”

“உங்க தம்பி இருக்காரு.”

“அவன் எப்போ அங்க போனான்?”

“இன்னும் போகல, போகப்போறாரு. கப்பலை அங்க ஒரு பட்டறையில ஏத்தறாங்களாம். அடியெல்லாம் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, இன்ஜினைப் பிரிச்சு மாட்ட மூணு வாரம் ஆகுமாம். மூணு வாரம் ஒரே இடத்துல நிப்பாரு. இதை விட்டா மறுபடி எப்போ நிப்பாருன்னு எனக்குத் தெரியல.”

என் தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜினியர். தெருவில் எல்லாரும் அவனைக் கேப்டன் என்பார்கள். கப்பலுக்கு அடியில் எண்ணெய்க்கு நடுவில் வேலை செய்கிறவன், மேலே யார் ஓட்டுகிறார்கள் என்றுகூட எட்டிப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் தான் கேப்டன் இல்லை என்று அவன் ஒருநாளும் யாரையும் திருத்தியதில்லை. வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் அங்கிருந்தபடியே நீட்டிக்கொண்டான். முதல் தடவை மாற்று ஆள் வரவில்லை என்றான். அடுத்த தடவை கம்பெனியில் கெஞ்சுகிறார்கள் என்றான். அதற்கப்புறம் காரணம் சொல்வதையே அவன் விட்டுவிட்டான், கேட்பதை நாங்களும் விட்டுவிட்டோம்.

“இதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா? போன்ல கேளேன்.”

“போன்ல கேட்டா கடலைக் காட்டறாரு அண்ணி.”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். வீடியோ காலில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்கிற வரைக்கும் அவன் முகம் தெரியுமாம். எப்போது வருவீர்கள் என்று கேட்டதும் கேமராவைத் திருப்பிவிடுவானாம். இதோ பார் அலை, இதோ பார் பறவை, அதோ தூரத்தில் இன்னொரு கப்பல். எந்த ஊர்க் கடலாக இருந்தால் என்ன, தண்ணீர் தண்ணீர்தானே. மூன்று வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஆள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, இந்தக் கண்ணுக்கும் அந்தக் கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, ஃபிரேமை வளைத்து மாட்டிவிடுவாள். நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பார்க்கிறவளுக்குப் புருஷன் கண்ணைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கடை முதலாளி வேறொரு ஊரில் கிளை திறக்கிறார், நீயே போய் நடத்து என்று இவளிடம் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வந்ததும் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். முதலாளியும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போன மாதம் லீவுக்கு வந்துவிட்டுப் போனாள். அப்பா எப்போ வருவார் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். அதுதான் இவளைக் கிளப்பிவிட்டது.

“நேர்ல போய் ஒரே ஒரு கேள்வி கேட்கணும். வீட்டுக்கு வர்றீங்களா, இல்லையா? ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி. அவர் வாயால, என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். கேட்டுட்டு வந்துடறேன்.”

“நீ வர்றதை அவன்கிட்ட சொல்லிட்டியா?”

“சொன்னேன். அப்படியா, வாயேன், நல்ல ஊருன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் கடல்.”

எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, சாவோ, சண்டையோ, எது வந்தாலும் எப்படிப் போவது, எப்படி வருவது என்றுதான் முதலில் பேசுவோம். அதைப் பேசி முடிப்பதற்குள் விஷயம் ஆறிப்போயிருக்கும். அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா ஆஸ்பத்திரியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது இவர் வெளியே வராந்தாவில் நின்று, எந்த பஸ் எந்த முனையில் நிற்கும் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். கல் நெஞ்சுக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணன் போனபின் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர். அழுகையை எங்கே வைப்பது என்று தெரியாதவர், அவ்வளவுதான்.

வீட்டில் நானும் அப்பாவும் கீழே, இவள் மாடியில். அந்த ஞாயிற்றுக்கிழமை இவள் இறங்கி வந்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

“பூசானா! அடேயப்பா. பெரிய மீன் மார்க்கெட் இருக்காம்மா அங்க. நாள் பூரா பார்க்கலாமாம். கடல் மேல நீளமா ஒரு பாலம். வெந்நீர் ஊற்று வேற இருக்கு. முட்டிவலிக்கு ரொம்ப நல்லதாம்.”

“எனக்கு ஏது மாமா முட்டிவலி?”

“உனக்கு இல்லம்மா. பொதுவாச் சொன்னேன்.”

நானும் என் பங்குக்குச் சியோலில் இறங்கினால் ரயில், நேரே போனால் விமானம், எது வசதி என்று அலசினேன். பக்கத்து வீட்டு அம்மா சர்க்கரை கேட்டு வந்தவள், கேப்டன் கூட்டிக்கொண்டு போகிறாரா, கொடுத்துவைத்தவள் நீ என்றாள். ஆமா ஆமா என்றார் அப்பா. ஒரு மணி நேரம் பேசியிருப்போம். எதற்காகப் போகிறாள் என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. இவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விசாவுக்குப் பயணத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நாள் எங்கே, காலையில் என்ன, சாயங்காலம் என்ன என்று. என் கணக்கு ஒன்றுதான்: காலி நேரம் விடக்கூடாது. சும்மா நிற்கிற பயணியைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும் என்று நினைக்கிறவள் நான். அதனால் கை கூசாமல் நிரப்பினேன். மீன் மார்க்கெட், கடற்கரை, கோபுரம், கோயில், அருங்காட்சியகம், மறுபடியும் கடற்கரை. அப்பா மனம் கோணாமல் இருக்க வெந்நீர் ஊற்றையும் ஒரு சாயங்காலம் சேர்த்தேன். முடித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இப்படி ஒரு திட்டத்தோடு போகிற ஆளை யாரும் குறை சொல்ல முடியாது.

இவள் வந்து வாங்கிப் படித்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“எல்லாம் இருக்கு அண்ணி. இதுல அவரு எங்க?”

வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஒரு வேளைகூட இல்லை. அந்த ஊரில் கப்பல் பட்டறை ஒன்று இருப்பதாகவே என் திட்டத்துக்குத் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவள், நானும் அதே காரியத்தைத்தான் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

“இது விசாவுக்கும்மா. ஒப்புக்கு.”

“ஒப்புக்குன்னாலும் ஒரு மதியம் விட்டிருக்கலாமே.”

குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப்போயிற்று. வெந்நீர் ஊற்றை அடித்தேன். கோபுரத்தையும் அருங்காட்சியகத்தையும் அடித்தேன். பாலம் தெரிகிற ஓட்டலை மாற்றி, பட்டறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் கிரேன்தான் தெரியும், ஆனால் கேட்டுக்கு நடந்தே போய்விடலாம். பட்டறைக்குள் வெளியாளை விட மாட்டார்கள். அவன்தான் வெளியே வர வேண்டும். அதற்கு நான் டிக்கெட் போட முடியாது.

“திரும்பி வர ஒரு டிக்கெட்டா, ரெண்டா?” என்று கேட்டேன்.

“ஒண்ணு போதும். அவரு வர்றதா இருந்தா கம்பெனியே போட்டுக் கொடுக்கும்.”

விசாவுக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் இருக்கும். மதியம். ஆபீசில் நான் மட்டும்தான். டிபன் பாக்சைத் திறந்திருக்கிறேன், போன் அடிக்கிறது. தம்பி. எனக்கு அவன் தனியாகப் போன் செய்வது வருஷத்துக்கு ஒருமுறை, என் பிறந்தநாளுக்கு. அதுவும் மறுநாள்.

“அக்கா, சாப்பிட்டியா?”

“சாப்பிட விட்டாத்தானே. என்னடா?”

“ஒண்ணுமில்ல, சும்மாத்தான்.”

“நடுக்கடல்ல இருந்து சும்மா கூப்பிடறவனா நீ? சொல்லு.”

மென்று முழுங்கினான். பின்னால் இன்ஜின் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ வர்றதை எப்படியாவது நிறுத்தேன்.”

“ஏன்?”

“நான் வேற கப்பல்ல கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. பூசான்ல இதை விட்டு இறங்கி, அங்கயே அதுல ஏறணும். வீட்டுக்கு வரல.”

“சரி, அது முடிஞ்சதும்?”

“அது வந்து... அக்கா...”

“முடிஞ்சதும் வருவியாடா?”

“இல்லக்கா.”

டிபன் பாக்சை மூடினேன்.

“வேற யாராவது பொண்ணா?”

“சீ! என்னக்கா நீ. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது.”

“அதா இருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன்.”

“கரையில என்னால இருக்க முடியல. போன தடவை வந்தப்போ மூணாம் நாளே மூச்சு முட்டிப்போச்சு. காலைல எழுந்து, எதுக்கு எழுந்தோம்னு தெரியாம கட்டில்ல உட்கார்ந்திருப்பேன். இங்க இன்ஜின் சத்தம் லேசா மாறினாலே முழிச்சுக்குவேன். அங்க சத்தமே இல்ல, எப்படித் தூங்கறதுன்னே தெரியல. அவ பக்கத்துல படுத்திருப்பா, நான் ஃபேனையே பார்த்துட்டு இருப்பேன். அவ மேல ஒரு தப்பும் இல்லக்கா.”

“இதை அவகிட்ட சொல்லு.”

“அவ முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?”

“என்கிட்ட சொல்ற இல்ல?”

“நீ அக்கா. கத்துவ, அவ்வளவுதான். அவ கத்த மாட்டா. சும்மா பார்த்துட்டு இருப்பா. என்னால தாங்க முடியாது.” குரலைத் தாழ்த்தினான். “விசா வரலைன்னு சொல்லிடேன். உன் கையிலதானே எல்லாம் இருக்கு? யாருக்குத் தெரியப்போகுது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“ஏண்டா, மூணாங்கிளாஸ் வரைக்கும் உனக்கு மூக்கு துடைச்சு விட்டது போதாதா? இப்போ உன் பொய்யையும் நான்தான் சொல்லணுமா? கல்யாணத்துக்கு மட்டும் நீயே வாயைத் திறந்து சரின்ன இல்ல? வேணாம்னு சொல்ல மட்டும் உனக்கு ஆள் வேணுமா? பெரிய கேப்டனாம் கேப்டன்! வெக்கமா இல்ல உனக்கு? வையிடா போனை!”

அவனை வைக்கச் சொல்லிவிட்டு நானே வைத்துவிட்டேன். அங்கேதான் தப்பு நடந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் காச்சு மூச்சென்று கத்திவிட்டுப் போனால், காரியத்தைச் செய்துவிடுவேன் என்று அர்த்தம். ஹோம்வொர்க்கிலிருந்து அவனுக்குப் பெண் பார்த்ததுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. மாட்டேன் என்றால் நான் கத்தவே மாட்டேன், பேசாமல் எழுந்து போய்விடுவேன். அது அவனுக்கும் தெரியும். நான் கத்தினேன். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவன் நிம்மதியாக இன்ஜினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டான்.

மறுநாளே விசா வந்துவிட்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு காகிதம் கூடுதலாகக் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிராயரில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். பொய் சொல்வது பெரிய விஷயம் இல்லை. இந்தத் தொழிலில் விமானம் முழுக்க நிரம்பிவிட்டது என்று சொல்லாத நாள் உண்டா? தம்பி என் ரத்தம். அவன் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்திருப்பேன் என்று அவன் சொன்னதும் எனக்குப் பொய்யாகப் படவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றியது. அவன்மேல் எரிச்சலும் குறையவில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் இவள் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவன் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? சொல்லாமல் அனுப்பினால், அவ்வளவு தூரம் போய் ஒரு கேட்டுக்கு வெளியே நின்று அவமானப்பட்டுத் திரும்புவாள். இப்படியும் அப்படியுமாக மதியம் வரை ஓட்டினேன். கடைசியில் போன் செய்து, விசா வந்துடுச்சு, வந்து வாங்கிக்கோ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மூக்கை நுழைக்க நான் யார் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிகள் எல்லாரும் சொல்லிக்கொள்வது அதுதான்.

டிக்கெட் உறுதியானதும் நானே அதை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். ஒரு பெரியவரை உட்கார வைத்துக் கண் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை ஃபிரேமில் ஒரு வில்லையைப் போட்டு, இது தெளிவா இருக்கா, மாற்றிப் போட்டு, இல்ல இதுவா என்று கேட்டாள். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்மா என்றார் அவர். இருக்காதுய்யா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, அவசரமில்ல என்றாள். அவர் பார்த்துச் சொல்கிறவரை இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தம்பி ஞாபகம் வந்தது. இவள் எதிரில் உட்கார அவன் பயப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

அவர் போனதும் டிக்கெட்டைக் கொடுத்தேன். எந்த விமானம், எங்கே மாற வேண்டும், பூசானில் இறங்கியதும் டாக்சிக்காரரிடம் காட்டக் கொரிய எழுத்தில் ஓட்டல் முகவரி, எல்லாம் விளக்கினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கிளம்பும்போது மனசு கேட்கவில்லை.

“ரொம்ப எதிர்பார்த்துட்டுப் போகாதேம்மா.”

“எதை அண்ணி?”

“பொதுவாச் சொன்னேன்.”

அப்பாவின் வார்த்தை அப்படியே என் வாயிலிருந்து வந்தது. இவள் கண்ணாடியைத் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“நீங்க என்கிட்ட ஏதாவது சொல்லணுமா அண்ணி?”

“ஜன்னல் ஓர சீட் கிடைச்சிருக்கு,” என்றேன்.

“சரி,” என்றாள்.

அதற்கப்புறம் ஏற்பாடுகள் தன்பாட்டில் நடந்தன. குளிருக்கு என் கோட்டைக் கொடுத்தேன். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, பரவாயில்லை என்றாள். பெட்டி அடுக்கும்போது பார்த்தேன், அவனுக்கென்று ஒரு கைக்குட்டைகூட எடுத்து வைக்கவில்லை. அப்பா விஷயம்தான் விசித்திரமாக இருந்தது. பூசானைப் பற்றி அத்தனை பேசியவர் திடீரென்று வாயே திறக்கவில்லை. மீன் மார்க்கெட்டும் இல்லை, பாலமும் இல்லை. மாடிப்படியில் இவள் காலடி கேட்டாலே செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். ஏர்போர்ட்டுக்கு வாங்கப்பா என்றால் முட்டி வலிக்கிறது என்றார். வயசாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலையில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்சியில் இரண்டு பேரும் பாஸ்போர்ட், சார்ஜர், மாத்திரை என்று பேசினோம். ஏர்போர்ட்டில் பெட்டியைப் போட்டாயிற்று. உள்ளே போக நேரம் இருந்தது. காப்பி வாங்கி, கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்டி எடை கூடிவிட்டதென்று துணிகளைத் தரையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தது. இவள் காப்பியை முழுசாகக் குடித்து, கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் கடைல கேட்டேனே அண்ணி. சொல்லியிருக்கலாம் நீங்க.”

“எதை?”

“அவரு உங்களுக்குப் போன் பண்ணினதை.”

என் காப்பிக் கோப்பையைப் பெஞ்சில் வைத்தேன்.

“நீங்க பாஸ்போர்ட்டைக் கொடுத்த மறுநாள் மாமா கடைக்கு வந்தாரு. மூக்குக்கண்ணாடி லூசா இருக்குன்னு. லூசெல்லாம் ஒண்ணும் இல்ல. கையைப் பிசைஞ்சுட்டே உட்கார்ந்திருந்தாரு. அப்புறம், விசா கிடைக்கலைன்னா என்னம்மா, உலகமா முடிஞ்சுபோச்சு, நீ மனசை விட்டுடாதேன்னாரு. விசா அப்போ என் கைப்பையில இருக்கு.”

“ஐயோ.”

“நேத்தே வந்துடுச்சே மாமா, யாரு கிடைக்கலைன்னு சொன்னதுன்னு கேட்டேன். பாவம், முகம் வெளுத்துப்போச்சு. அப்புறம் ஒண்ணையும் மறைக்கத் தெரியல அவருக்கு. புதுக் கப்பல், இனிமே வரமாட்டேன்னு சொன்னது, விசா இல்லைன்னு அக்கா சொல்லிடுவா, நீங்க அவளைப் பார்த்துக்கோங்கப்பான்னு உங்க தம்பி அவருக்குப் போன் பண்ணிச் சொன்னது, எல்லாம் கொட்டிட்டாரு. கடைசியில, உன் அண்ணிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதேம்மான்னாரு. நானும், விசா வந்ததை உங்க பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க மாமான்னு கேட்டுக்கிட்டேன். போன்ல அவரும் விசாவைப் பத்திக் கேட்கல, நானும் சொல்லல.”

பக்கத்தில் யாரோ ஜிப்பை இழுத்து மூட முடியாமல் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தார்கள். அத்தனை நாள் ஒரே வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒரே விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நடமாடியிருக்கிறோம். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, இவள் இத்தனை நாளும் தனியாக இதை வைத்துக்கொண்டு பெட்டி அடுக்கியிருக்கிறாளே என்பதுதான் உறுத்தியது. கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாள்.

“பின்ன எதுக்கும்மா போற? அதான் தெரிஞ்சுபோச்சே. வா, வீட்டுக்குப் போயிடலாம். டிக்கெட்டை நான் பார்த்துக்கறேன்.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட எங்க சொன்னாரு?”

“அது...”

“அக்காகிட்ட சொல்றாரு, அப்பாகிட்ட சொல்றாரு. நான் பொண்டாட்டி அண்ணி. வரமாட்டேன்னா வரமாட்டேன்னு என்கிட்ட சொல்லட்டும். அக்கம்பக்கத்துல இருந்து காதுல விழுந்ததை வச்சு நான் எப்படி மகள்கிட்ட பேசுவேன்? கடை முதலாளிக்கு என்ன பதில் சொல்வேன்? அவர் வாயால கேட்டாத்தான் எனக்கு அது முடியும்.”

“வெளியவே வரலைன்னா?”

“மூணு வாரம் முடியறதுக்குள்ள ஒரு நாள் வெளிய வந்துதானே ஆகணும். அடுத்த கப்பலுக்கு அந்தக் கேட் வழியாத்தானே போகணும்.”

எழுந்தாள். என் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டாள். போயிட்டு வர்றேன் அண்ணி என்று எப்போதும்போல் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றாள். பாஸ்போர்ட்டை நீட்டினாள், வாசல் காவலன் இவள் முகத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். அப்புறம் தெரியவில்லை.

வெளியே வந்து டாக்சிக்கு நிற்காமல் ஓரமாக ஒரு தூண் பக்கம் போய் நின்று தம்பிக்குப் போன் போட்டேன். கப்பல் போன வாரமே பட்டறைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். உடனே எடுத்தான்.

“என்னக்கா? அவ எப்படி இருக்கா?”

“விமானம் ஏறிட்டா.”

“எங்க?”

“எங்கயா? பூசானுக்குத்தான்.”

“விசா...”

“வந்துடுச்சு. நான் பொய் சொல்லல. நாளைக்குக் காலைல உன் கேட் வாசல்ல நிப்பா. எத்தனை நாளானாலும் நிப்பா. நீ வெளிய வந்து, கடலைக் காட்டாம, அவகிட்ட நேரா சொல்லு.”

நான் கத்தவில்லை. அதுதான் அவனைக் கலக்கியிருக்க வேண்டும். அங்கே எந்த இன்ஜின் சத்தமும் இல்லை.

“அவளுக்குத் தெரியுமா?”

“எல்லாம் தெரியும்.”

“தெரிஞ்சுமா வர்றா?” குரல் உடைந்துவிட்டது. “அக்கா, அழுதாளா?”

“இல்லடா,” என்றேன். “அழுதிருந்தா சமாதானம் பண்ணி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.”